தொட்டியைப் பார்த்த கட்டில்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உன் நம்பருக்கு அடித்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். உன்னைவிட அவள் மரியாதையாகப் பேசுகிறாள். துறைமுக விலாசம் உன் பழைய சம்பளக் கவரில் இருந்தது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சொல்லாமல் போனை அப்பா காதில் வைத்தது தப்பு என்றே வைத்துக்கொள். அவர் பேசினாரா, திட்டினாரா? மூச்சுதான் விட்டார். அதற்குப் போய் நம்பரையே மாற்றுவாயா?

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நம் இருவர் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். பக்கவாதம் வலது பக்கத்தை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. பேச்சு இல்லை. காது மட்டும் பாம்புச் செவி. அடுப்படியில் ஸ்பூன் விழுந்தால்கூட முகம் சுளிக்கிறார். அதனால் போனில் உன்னோடு சண்டை போட வழியில்லை. கடிதத்தில் போடலாம்.

இனி உன் விஷயம். ஹாலில் இருக்கும் உன் கடல் தொட்டியில் சுத்தியல் பவளம் சரியில்லை. நீ "பெரியவள்" என்று கொஞ்சுவாயே, அவள்தான். இந்த வீட்டுக்குப் பெரியவள் நான் என்பது எப்போதுமே உனக்கு மறந்துபோகும். இடது ஓரத்தில் நாலைந்து தலைகள் பாதிதான் விரிகின்றன. பக்கத்தில் நீ வைத்திருந்த பச்சைப் பவளம் ஒரு பக்கம் வெளுத்து எலும்பு தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. லேபில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பல் செய்துவிட்டு வந்து, உன் பூச்சிகளுக்கு உப்புத் தண்ணீர் கரைக்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டில் அறைக் கதவில் நுழையவில்லை. ஹாலில்தான் போட்டிருக்கிறேன், தொட்டிக்கு நேராக. காலையில் விளக்கு எரியும்போது அவர் அதைத்தான் பார்க்கிறார்.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

பச்சைப் பவளத்தை உடனே நகர்த்து. ஒரு சாண் தள்ளி, நீரோட்டம் போகாத பக்கமாக வை. பெரியவள் கொட்டியிருக்கிறாள். விளக்கு அணைந்ததும் அவளுக்குள்ளிருந்து நூல் மாதிரி நீளமாகக் கைகள் வரும். எட்டுகிற தூரத்தில் எது இருந்தாலும் சுட்டுவிடும். அது அவள் தப்பில்லை. நான் கிளம்பும்போது அவள் இவ்வளவு அகலம் இல்லை.

தலைகள் விரியாததற்குத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். நீலப் பெட்டியில் டெஸ்ட் கிட் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விடு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்து. சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் இரண்டு கேன் திரவத்தையும் சேர்த்து ஊற்றாதே. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரே நாளில் சரிசெய்கிறேன் என்று இறங்கினால் குறைந்ததால் சாகாதது கூடியதால் சாகும். பம்பை அவள் பக்கம் நேராகத் திருப்பாதே. சதை ஆட வேண்டும், அடிபடக் கூடாது.

அவளை நான் வாங்கியபோது சுண்டு விரல் அளவு. இரண்டு தலை. ஒரு வாய் நீண்டு, நடுவில் இடுங்கி, இரண்டு வாயாகும். பிறகு எலும்பும் பிரிந்து இரண்டு கிளையாகும். அப்படி ஒவ்வொன்றாக வந்தவள். நுனியில் பொன் நிறம் அந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லை. இங்கே கிரேன் கேபினில் உட்கார்ந்தால் கீழே பெட்டி, பெட்டிக்கு மேல் பெட்டி. அந்த உயரத்தில் எனக்கு ஞாபகத்துக்கு வருவது அவள் ஒருத்திதான்.

கட்டிலைத் திருப்பிப் போடு. தலை இருக்கிற பக்கம் கால் வரட்டும்.

இனி அந்த மனிதரைப் பற்றி எனக்கு எழுதாதே.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

பச்சையை நகர்த்தினேன். தண்ணீரில் குறை இருந்தது. நீ சொன்னபடி காலை, மாலை ஊற்றியதில் இடது ஓரத் தலைகளும் விரிந்துவிட்டன. கோமாளி மீன் ஜோடி திரும்ப அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கட்டிலைத் திருப்ப முடியாது. அவருக்குச் சோறு ஊட்டுவது, துடைப்பது, மூத்திரப் பை மாற்றுவது எல்லாம் இடது பக்கத்திலிருந்துதான் நடக்க வேண்டும். அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டினால் நான் பறந்து போய்த்தான் செய்ய வேண்டும்.

எழுதாதே என்கிறாய். எழுதுவேன். வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண், கை மட்டும் இரும்பு. போன வாரம் அவள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இங்க பாருங்க. இவரு கழுத்தத் திருப்பவே மாட்டேன்னு இருந்தாரு. இப்ப அந்த மீனு எங்க போகுதோ அங்க திரும்புறாரு. நான் பண்றத விட இந்தத் தொட்டி நல்லா வேல பாக்குது" என்றாள். விளக்கு எரிகிற நேரத்துக்கு முன்னாலேயே விழித்துக் காத்திருக்கிறார். எரிந்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் அவர் வாயில் வந்த சத்தம் அது ஒன்றுதான்.

இதைக் கேட்டு உனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் கதை எனக்கும் தெரியும். நீ அப்பா வீட்டைவிட்டுப் போன பிறகு உனக்கு விழ வேண்டிய மிச்சமெல்லாம் எனக்குத்தான் விழுந்தது. ஆனால் இப்போது கட்டிலில் கிடப்பது ஓர் உடம்பு. அந்த உடம்பு ஒன்றைப் பார்க்கிறது. பார்த்துவிட்டுப் போகட்டுமே.

ஒரே ஒரு வரி எழுது, "அப்பா எப்படி இருக்கிறார்" என்று. நீ பாசமாக எழுதினாயா, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாயா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. நான் படித்துக் காட்டுவேன். அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

அந்த உடம்பு என்னென்ன பார்த்திருக்கிறது என்று உனக்கு நான் சொன்னதில்லை. நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய்.

என் முதல் தொட்டி ஊறுகாய் ஜாடியைவிடக் கொஞ்சம் பெரியது. கப்பி மீன்கள். கணக்கில் தோற்றேன். டிரில் மாஸ்டர் பிள்ளை தோற்கலாமா? பள்ளிக்கூடத்திலிருந்து விசிலோடு வந்தார். என்னைத் தொட்டி முன்னால் அட்டென்ஷனில் நிறுத்தினார். பிளீச்சிங் பவுடரை ஸ்பூனால் அள்ளிப் போட்டு, என் ஸ்கேலாலேயே கலக்கினார். நான் கண்ணை மூடினேன். "தொறடா. கண்ண மூடினா இன்னொரு ஸ்பூன்" என்றார். திறந்தேன். எல்லாம் மேலே வந்து மல்லாக்க மிதக்கும்வரை திறந்தே வைத்திருந்தேன். பிறகு "ஸ்டான்ட் அட் ஈஸ்" சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அம்மா அவருக்குப் பரிமாறினாள்.

என்னைப் பார்க்க வைத்தார் இல்லையா? நான் அவரைப் பார்க்க விடமாட்டேன். கணக்கு நேராகிவிடும். இப்போதாவது கணக்கில் பாஸ் பண்ணுகிறேனா என்று அவரிடமே கேள்.

கட்டில் பக்கத்துக் கண்ணாடியில் கறுப்பு சார்ட் ஒட்டு. முழுசாக, இடுக்கு இல்லாமல். மீன்தொட்டிக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வந்து பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் கேன்களோடு வந்து, பெரியவள் உட்பட எல்லாவற்றையும் தன் கடைத் தொட்டிக்கு எடுத்துப் போய்விடுவார். அங்கே வந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். அவர் மட்டும் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. அவள் அடர்ந்துவிட்டாள். உள்ளே இருக்கிற தலைகளுக்கு நீரோட்டம் போகாது. கொஞ்சம் பிரிக்க வேண்டும். உன் லேபில் பல் அறுக்கிற வைர டிஸ்க் இருக்குமே, அது போதும். தண்ணீருக்குள் மெதுவாகத் தட்டினால் சதையை உள்ளே இழுத்துக்கொள்வாள். அப்போது வெளியே எடுத்து, சதைக்கு ரொம்பக் கீழே, வெறும் எலும்பாக இருக்கிற கிளையில் அறு. கிளை கிளையாக இருப்பதால்தான் இவளைப் பிரிக்கலாம். ஒரே சுவராக வளர்கிற ஜாதியில் சதைக்கு நடுவில்தான் கத்தி போகும், பெரும்பாலும் பிழைக்காது. அறுத்ததை அயோடின் தண்ணீரில் முக்கி, பசை வைத்துக் கல்லில் ஒட்டு. பிரித்த தலைகளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடு.

சதையில் மட்டும் டிஸ்க் படக் கூடாது. பட்டால் அழுகும். அழுகல் பக்கத்துத் தலைக்குப் போகும்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

கடைக்காரர் வந்தார். கையிலேயே சார்ட் சுருள். பின்னால் ஆட்டோவில் கேன்கள். "நமக்கு எதுக்குங்க உங்க வீட்டுப் பஞ்சாயத்து. தம்பி சொன்னாரு, ஒட்டலன்னா எடுத்துட்டு வான்னு. வாரா வாரம் வந்து பாப்பேன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது மாதிரி முகம். ஒட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒட்டினேன். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே வரும்போது முதலில் மீன் மறைந்தது, பிறகு உன் பெரியவள், கடைசியில் மணல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை விளக்கு எரிகிற நேரத்துக்கு விழித்திருந்தார். தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து கூரையில் நீல வெளிச்சம் மட்டும் ஆடியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து திரும்பாது என்று டாக்டர் சொன்ன பக்கம். அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததோ.

கஞ்சி வைத்தால் வாயைத் திறப்பதில்லை. பிசியோதெரபி பெண், "ஏன்க்கா மூடி வெச்சிருக்கீங்க?" என்றாள். தம்பிக்குப் பிடிக்கவில்லை என்றேன். "தம்பி எங்க இருக்காரு?" என்றாள். கடல் தாண்டி என்றேன். அவள் அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டினாள். அவள் கேட்ட கேள்விக்கு நீ எனக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறாய்.

கறுப்பை எடு என்று எழுது. கடைக்காரரிடமும் சொல்லிவிடு. அதிகம் கேட்கவில்லை.

எழுதும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பெரியவளில் ஒரு தலையை வெட்டுவேன். நான் வெட்டுகிறவள்தான் என்பது உனக்குத் தெரியும். பிழைப்பே அதுதான்.

அக்கா


மார்ச் 20

தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. சொன்னால் செய்வேன்.

இத்துடன் வரும் பெட்டியை எச்சரிக்கையாகத் திற. பல்செட் வைத்துக் கொடுக்கிற பெட்டிதான், பஞ்சு வைத்திருக்கிறேன். எலும்பில் அறு என்று எழுதியிருந்தாய். நான் சதையில் அறுத்தேன். அது உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை காத்திருக்கவும் இல்லை. நீ நினைப்பது போல அது ஒன்றும் கத்தவில்லை. கோழை மாதிரி ஏதோ வடிந்தது, கடல் நாற்றம் அடித்தது, அவ்வளவுதான்.

சதையைக் கழுவி எடுத்தபின் எலும்பு பழுப்பாக இருந்தது. வெள்ளையாக இருந்தால் உனக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன். உள்ளே பார், வட்டமாக எவ்வளவு மெல்லிய தகடுகள். இருபது வருஷம் பல் செய்த கைக்கும் அந்த வேலை வராது. கண்ணை மூடாமல் பார்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

பெட்டியை மெஸ்ஸில் வைத்துத் திறந்தேன். கூட இருந்தவர்கள் ஊரிலிருந்து தின்பண்டம் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். "என்னப்பா இது, எலும்பா?" என்றார்கள். ஆமாம், எங்க வீட்டுப் பெரியவளோட எலும்பு என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேபினுக்கு ஏறிப் போய், கிரேனை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே மேஸ்திரி வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டே இருந்தார்.

நீ அவருக்குத்தான் பிறந்திருக்கிறாய். எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. அந்த ஸ்பூனை அவர் கையிலிருந்து நீ வாங்கிக்கொண்டாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

எடு. கறுப்பை எடு. கடைக்காரருக்கும் சொல்லியாயிற்று. பார்க்கட்டும். நான் வளர்த்ததைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே கிடக்கட்டும். அதுவும் ஒரு தண்டனைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி அவளைத் தொடாதே. தயவு பண்ணி இவற்றுக்குப் பதில் எழுது. சதையில் அறுத்த இடத்துக்குப் பக்கத்துத் தலையில் பழுப்பாகக் கூழ் மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா? இருந்தால் பம்பை நிறுத்து, இல்லாவிட்டால் தொட்டி முழுக்கப் பரவும். ரப்பர் பல்ப் வைத்த குழாயால் கூழை உறிஞ்சி வெளியே ஊற்று. அந்தத் தலை போனதுதான். அதற்குக் கீழே, நல்ல எலும்பில் அறுத்துத் தூக்கிப் போடு. மிச்சத்தை அயோடினில் முக்கு. எத்தனை தலை போயிற்று? மிச்சம் விரிகிறதா? கோமாளி மீன் இருக்கிறதா?

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீ கேட்டவை.

பழுப்புக் கூழ் வந்தது. பக்கத்துத் தலையிலும் அதற்கு அடுத்ததிலும். பம்பை நிறுத்தி உறிஞ்சினேன். இரண்டு தலைகளையும் நல்ல எலும்பில் அறுத்துக் குப்பையில் போட்டேன். மிச்சத்தை முக்கினேன். நான் வெட்டியது அந்த ஒன்றுதான். அடுத்த ஞாயிறு வெட்டவில்லை.

மிச்சம் விரிகிறது. முன்பைப் போல நன்றாகவே விரிகிறது. கோமாளி மீன்கள் இருக்கின்றன. பெண் மீன் ஆண் மீனைத் துரத்துகிறது.

கறுப்பு சார்ட்டை எடுத்துவிட்டேன். பசைத் தடத்தைப் பிளேடால் சுரண்டித் துடைத்தேன். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். தண்ணீர்க் கட்டணத்துக்கு ரசீது எழுதுகிறவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். ஒரு வசவுகூட இல்லை. உடம்புக்கு ஏதாவதா? லேபில் வேலை அதிகமா?

இங்கே ஒரு விஷயம் நடந்தது. என்னோடு அறையில் இருக்கும் வெல்டர் தன் அப்பாவோடு வீடியோவில் பேசுவான். கிழவர் காது கேட்காதவர். இவன் கத்துவான், "சாப்டியா? சாப்டியாப்பா?" என்று. அந்தப் பக்கம் அவர் "ஆங்? ஆங்?" என்பார். இதேதான் தினமும். எரிச்சலாக இருக்கும். நேற்று அவன் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்தேன். கிழவர் என்னைப் பார்த்து, தன் மகன் இல்லை என்று தெரியாமல், "நீ சாப்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "சரி, வை" என்றார். வைத்துவிட்டேன். அதிலிருந்து என்னவோ மாதிரி இருக்கிறது.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதெல்லாம் இல்லை. மன்னிக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை. ஆனால் கறுப்பை எடுத்த அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்று எழுது. திரும்பினாரா? அந்தச் சத்தம் வந்ததா? அவர் அந்தத் தொட்டியில் என்னதான் பார்க்கிறார் என்று எனக்கு யோசனை. முதலில் எதைக் கொல்லலாம் என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது தெரியவில்லை.

கஞ்சி குடிக்கிறாரா?

அப்பா எப்படி இருக்கிறார்?

எழுதிவிட்டேன். படித்துக் காட்டுவதென்றால் காட்டு.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

படித்துக் காட்ட ஆள் இல்லை. அப்பா மார்ச் இருபத்திரண்டாம் தேதி காலையில் போய்விட்டார். உனக்கு அனுப்பிய பெட்டி அப்போது வழியில் இருந்தது.

கறுப்பு ஒட்டியபின் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. மூக்கில் குழாய் போடலாம் என்றார் டாக்டர். அதற்கு நாள் குறித்திருந்தோம். காலையில் முகம் துடைக்கப் போனேன். சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஈரத் துணியை நெற்றியில் வைத்ததும் தெரிந்துவிட்டது. பின்னால் தொட்டி விளக்கு வழக்கம்போல எரிந்தது. அவர் பக்கம் கறுப்பாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டு டீச்சர், அவர் கணவர், பிசியோதெரபி பெண், லேபிலிருந்து நாலு பேர், இவ்வளவு பேர்தான் வந்தார்கள். அவரிடம் படித்தவர்கள் யாரும் வரவில்லை. மகன் எங்கே என்று கேட்டவர்களிடம், வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றேன். உன் மானத்தை நான்தான் காப்பாற்றினேன், குறித்துக்கொள்.

உன் மார்ச் கடிதம் வந்தபோது அவர் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதில் பழுப்புக் கூழைப் பற்றிக் கேட்டிருந்தாய். எத்தனை தலை போயிற்று என்று கேட்டிருந்தாய். மீனைக் கேட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். அவரைப் பற்றி எழுத வேண்டாம் என்று நீதான் சொல்லியிருந்தாய். எடுக்கச் சொன்னாய், எடுத்தேன். யாருக்காக எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை.

இப்போது கேட்டிருக்கிறாய். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்பா எப்படி இருக்கிறார் என்றா? இல்லை.

அக்கா


மே 3

அக்கா,

இரண்டு நாள் கேபினில் ஏறவில்லை. மேஸ்திரி அறைக்கே வந்து பார்த்தார். அப்பா இறந்துவிட்டார் என்றேன். எப்போது என்றார். மார்ச்சில் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

சரி. நீ ஜெயித்துவிட்டாய். ஒரு மாதம் அதை உள்ளங்கையில் மூடி வைத்திருந்து, நான் கேட்கிற நாளுக்காகக் காத்திருந்து, திறந்து காட்டினாய். விசில் ஒன்றுதான் குறை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கடைக்காரரிடம் பேசினேன். அவர் வந்தது ஒரே தடவையாம். "வாரா வாரம் வரேன்னு சும்மா சொன்னேன் தம்பி, எனக்கு வேற வேல இல்லையா?" என்கிறார். ஒட்டிய முதல் வாரத்திலேயே உனக்கு அது தெரிந்திருக்கும். நான் கடல் தாண்டி இருந்தேன். நான் அரக்கன், ஒப்புக்கொள்கிறேன். அப்பா கஞ்சிக்கு வாயை மூடிக்கொண்டதும், சுவர்ப் பக்கம் திரும்பியதும் எனக்கு ஒன்பது நாள் கழித்துக் காகிதத்தில் வந்தது. உனக்கு எதிரிலேயே நடந்தது.

சார்ட் பேப்பர்தானே அக்கா. நகத்தால் கிழித்தால் போயிற்று. எடுத்துவிட்டு, எடுக்கவில்லை என்று எனக்கு எழுதியிருந்தால்கூட நான் என்ன கண்டேன்? பவளத்தை வெட்ட டிஸ்க் எடுத்த கை, அந்தப் பேப்பரை ஏன் எடுக்கவில்லை?

லீவு போட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். தொட்டியை அதுவரை பார்த்துக்கொள். பார்த்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி


மே 14

தம்பிக்கு,

கிழித்திருக்கலாம். முதல் வாரம் கடைக்காரருக்குப் பயந்தேன். அதற்குப் பிறகு பயம் இல்லை. நீ எழுத வேண்டும் என்று இருந்தேன். நீ இறங்கி வந்து, "எடு" என்று உன் கையால் எழுதி, அதற்குப் பிறகு நான் எடுக்க வேண்டும். தினமும் அவருக்கு முதுகைத் துடைத்துவிட்டு, வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்பேன். அவருக்காக நிற்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிசியோதெரபி பெண் தானே போய்ப் பேப்பரின் ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தாள். "கைய எடு, அது எங்க குடும்ப விஷயம்" என்று கத்தினேன். அதற்கு அடுத்த வாரம் அவர் இல்லை. அவள் சாவுக்கு வந்தாள், என்னோடு பேசவில்லை.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இதைவிட மோசமாக உன்னால் என்னைக் கேட்க முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

வேறு ஊரில் ஒரு பல் லேபில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டிலை வாடகைக் கடைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அவர் துணிகளைக் கொடுத்துவிட்டேன். விசிலைக் குப்பையில் போட்டேன், உனக்கு வேண்டியிருக்காது என்று.

பெரியவளை நேற்று இரண்டாகப் பிரித்தேன். தட்டி, உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, எலும்பில் அறுத்தேன். ஒரு துளிச் சதையில்கூடப் படவில்லை. உனக்குப் பெரிய பாதி. எனக்குச் சின்னது. லேபில் ஒரு மூலையில் தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதற்கு எடுத்துப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னுடையது என்பதாலா, அவர் பார்த்தது என்பதாலா. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

சாவி எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கிறது. நீ வரும்வரை அவர் தண்ணீர் பார்த்துக்கொள்வார். சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பயந்த மனுஷி, திட்டாதே.

எந்தத் தேதியில் வருகிறாய் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. தெரிந்தால் கதவைத் திறக்க நான் இங்கேயே இருந்துவிடுவேன். நான் திறக்கிற கதவில் நீ நுழைய வேண்டாம்.

அக்கா